உப்பு ஊறிய தோல்: மாரியில் தணிந்த ஒரு றபானுக்குத் தோல் மாற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் நடக்கும் கொடியேற்றம் ஜமாதுல் ஆகிர் முதற் பிறையில் தொடங்கி 12 நாள் நீளும். பிறைக் கணக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்வதால், இந்தச் சில ஆண்டுகளாக அது நவம்பர், டிசம்பர் மாரிக்குள் விழுகிறது. றபான் என்ற ஒருபக்கக் கைப்பறையை அடிக்கிற பாவாமாருக்கு (பக்கீர்களுக்கு) இதைவிடக் கெட்ட காலம் கிடையாது. கடல் பக்கத்தில், இரவில், மழை ஈரத்தில் அடிக்க வேண்டும்.

அம்பாறைக் கரையோர ஊர் ஒன்றின் பக்கீர் குழுவிடம் ஐந்து கை றபான்கள் இருந்தன. அவற்றில் முன்றபானாக அடிப்பது பலாமரத்தில் கடைந்த ஒற்றை வளையம். வெளி விட்டம் 318 மில்லிமீற்றர், உள் விட்டம் 290, ஆழம் 75. ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல். அதற்கு முந்திய ஹஜ்ஜுப் பெருநாளையொட்டி, உழ்ஹிய்யா (குர்பானி) ஆட்டுத் தோலொன்றை எடுத்து ஊரிலேயே ஒருவர் போர்த்திக் கொடுத்திருக்கிறார். கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசிய மாதங்களில் எந்தக் குறையும் இல்லை. ஒக்டோபர் மழை விழுந்ததும் றபான் தணியத் தொடங்கியது. தேங்காய்ப் பொச்சு மட்டையை எரித்து அனல் காட்டி அடித்தார்கள். அரை மணிக்குள் மறுபடி தணியும், மறுபடி அனல். முதற் பிறைக்கு மூன்று வாரம்கூட இல்லாத நிலையில் ஆணி வரிசையோடு தோல் கிழிந்தது.

திருத்த வந்தபோது இருந்த நிலை

கிழிவு 6 சென்ரிமீற்றர். மூன்று ஆணிகளைத் தொட்டு ஓடியிருந்தது. கிழிவை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மஞ்சள் கலந்த பழுப்பாகி, கண்ணாடிபோல ஒளி ஊடுருவிற்று. நகத்தால் தட்டினால் அந்த இடம் மட்டும் ‘டிக்’ என்றது. மற்ற இடம் ஈர அட்டை மாதிரி ‘தொப்’.

ஆணிகள் 32; எல்லாம் இரும்பு, ஒரே வரிசை. ஏறத்தாழ ஐந்து மாதத்துக்குள் தலைகள் துருவேறிப் பொருமியிருந்தன. ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் தோலில் கறுப்பு வளையம். அந்த வளையத்தை மடித்தால் தோல் வளையவில்லை, பொடிந்தது. மர வளையத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு. அது மரத்தின் ஓட்டத்தோடு, பக்கத்துப் பக்கத்து ஆணித்துளைகளை இணைத்துப் போயிருந்தது.

தோலின் தடிப்பு ஒரு கராஜில் வேர்ணியர் வாங்கி அளக்கப்பட்டது: நடுவில் 0.8, ஓரத்தில் ஓரிடத்தில் 1.0. இந்த அளவு றபானுக்கு இது கனம். ஆனால் கிழிந்ததற்கு அது காரணமில்லை.

காரணம் எது

குழுவினர் சொன்ன காரணம் மாரி. ஒரு பங்குக்கு அது சரி. ஆனால் அதே குழுவின் மற்ற நான்கில் இரண்டு அதே இரவுகளில் அதே இடத்தில் ஓரளவு தாக்குப் பிடித்திருக்கின்றன. மழை எல்லாத் தோலுக்கும் ஒன்றுதான். இந்தத் தோல் மட்டும் ஏன் இவ்வளவு குடித்தது என்பதே கேள்வி.

கழற்றிய தோலின் வெட்டு ஓரத்தை நாக்கு நுனியில் வைத்தால் கரித்தது. நாக்கை மட்டும் நம்பாமல், உள்ளங்கையளவு துண்டொன்றை அரைக் கோப்பை மழைநீரில் இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீர் ஒரு தேநீர்த் தட்டில் வற்ற விடப்பட்டது. பக்கத்தில் இன்னொரு தட்டில் வெறும் மழைநீர். வெறும் நீர் வைத்த தட்டில் ஒன்றும் படியவில்லை. மற்றதில் வெள்ளைப் பொருக்கு, விரலால் சுரண்டி எடுக்கும் அளவுக்கு. (இந்தச் சோதனைக்குக் கிணற்று நீர் உதவாது. கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீரே உவர். இரண்டு தட்டிலும் பொருக்கு வரும்.)

பெருநாளில் ஒரே நாளில் நிறையத் தோல் சேரும். அழுகாமல் இருக்க உப்புப் போட்டு மடித்து வைப்பார்கள். அதை நன்றாக அலசாமல் போர்த்தியிருக்கிறார்கள். கச்சான் காலத்தில் உப்பு தோலுக்குள் பேசாமல் கிடந்தது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மாரியில் இந்தக் கரையில் இரவு ஈரப்பதம் 80க்கு மேலேயே நிற்கும். உப்பு இல்லாத தோல் ஈரத்தை வாங்கும், விடும். உப்புள்ள தோல் வாங்கிக்கொண்டே இருக்கும்.

மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தவை. உப்பு ஈரம் இரும்பாணியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு தோலின் நாரை அரித்தது. தணிந்த தோலுக்கு அனல் காட்டினார்கள். காய்ந்த தோலுக்கு மிதமான அனல் பெரிய கேடில்லை. நனைந்த பச்சைத்தோலின் நார் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசிலேயே சுருங்கிவிடும், சுருங்கினால் மீளாது. அந்தக் கண்ணாடித் திட்டு அப்படி வந்தது. சுருங்கிய திட்டு பக்கத்தை இழுக்க, பக்கத்தில் துரு தின்ற ஆணிக்குழி இருக்க, அங்கே கிழிந்தது.

எடுத்த முடிவுகள்

கொழும்புக் கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் தோல் முதலில் யோசிக்கப்பட்டது. ஈரம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அதற்கு இரும்பு வளையமும் திருகாணியும் வேண்டும். ஏற்கெனவே வெடித்த பலா வளையத்தைச் சுற்றித் துளையிட வேண்டும். ஒலியும் மற்ற நான்கோடு சேராது. விடப்பட்டது. கன்றுத்தோல் கிடைத்தது, 1.2 மில்லிமீற்றர், வேண்டிய 0.6இன் இரட்டிப்பு. தடிப்பு இரட்டித்தால், அதே இழுவையில் சுருதி ஏறத்தாழ முப்பது சதவீதம் இறங்கும். முன்றபானுக்கு அது ஆகாது.

ஆகவே, உப்புப் படாத ஆட்டுத்தோல், அறுத்த அன்றே, தடிப்பு ஏறத்தாழ 0.6, இரும்புக்குப் பதில் பித்தளை ஆணி, அனலுக்குப் பதில் பிரம்பு. இந்தக் கடைசி முடிவுக்குத்தான் எதிர்ப்பு வந்தது. “நெருப்புக் காட்டாம றபான் பேசுமா தம்பி?” என்று குழுத் தலைவரான கலீபா கேட்டார். மலாய் நாடுகளில் பைத்து என்ற புகழ்ப்பாட்டுக்கு அடிக்கும் கொம்பாங்கும் ஆட்டுத்தோல் போர்த்திய ஒருபக்கக் கைப்பறைதான். அங்கே தோலுக்கும் வளையத்துக்கும் இடையே ‘செடாக்’ என்ற பிரம்பைச் செருகித்தான் இழுவை ஏற்றுகிறார்கள். அடித்து முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். அதைச் சொன்னபோது, பார்ப்போம் என்ற அளவில் ஒத்துக்கொண்டார்.

தோல்

இறைச்சிக் கடையில் காலையில் உரித்த தோல், உப்புப் போடுமுன் வாங்கப்பட்டது. கத்திக் காயம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது இந்த இடத்தில் முக்கியம். உரிக்கும்போது விழுந்த சிறு கீறல் ஈரத்தில் தெரியாது, காய்ந்து இழுபடும்போது வாய் திறக்கும்.

சதைப்பற்றையும் கொழுப்பையும் அன்றே வழித்துவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் 10 லீற்றர் மழைநீருக்கு 350 கிராம் நீற்றிய சுண்ணாம்பு கரைத்து அதில் அமிழ்த்தினார்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. சுண்ணாம்பு அதைத் தின்னும். கையுறை வேண்டும், கண்ணில் தெறிக்காமல் பார்க்க வேண்டும். காலையும் மாலையும் கிளறினார்கள். நாலாம் நாள் மயிர் விரலோடு வந்தது. தென்னங்குற்றியின் மேல் விரித்துக் கத்தியின் முதுகால் வழித்தார்கள். கத்தி வாயால் வழிப்பவர்கள் அவசரக்காரர்கள்.

அலசுவதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கப்பட்டது. ஆறு முறை நீர் மாற்றி, கடைசியில் 10 லீற்றருக்கு 50 மில்லிலீற்றர் தென்னை வினாகிரி விட்டு ஒரு மணி நேரம், பிறகு மீண்டும் வெறும் மழைநீர். சுண்ணாம்பு தங்கினால் தோல் வழுவழுவென்று இருக்கும். அதே தோல் காய்ந்தபின் முறுகி வெடிக்கும். வழுவழுப்புப் போய்த் துணிபோலக் கையில் பிடிக்கும்வரை அலச வேண்டும்.

மரச் சட்டத்தில் கட்டி நிழலில் காயவைத்து அளந்தபோது முதுகுத் தண்டு வழியே 0.7, விலாவில் 0.6, வயிற்றில் 0.4. முதுகுக்கோடு நடுவே போகும்படி 16½ அங்குல வட்டம் வெட்டப்பட்டது. அப்படி வெட்டினால் இருபுறமும் சமமாக இழுபடும். வயிற்றுப் பக்கம் வட்டத்துக்கு வெளியே போய்விடும்.

வளையம்

இரும்பாணிகளைக் கழற்றி, 32 துளைகளையும் மூங்கில் குச்சியில் பசை தடவி அடைத்தார்கள். வெடிப்புக்குள் பசை இறக்கிக் கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விட்டார்கள். மரத்தின் ஓரத்திலும் உப்பு ஏறியிருக்கும் என்பதால் ஈரத்துணியால் பலமுறை துடைத்துக் காயவிட்டார்கள்.

பிறகு வாய். மேசையில் கண்ணாடித் தகட்டை வைத்து வளையத்தைக் கவிழ்த்தால் இரண்டு இடத்தில் தாள் உள்ளே போயிற்று. கண்ணாடியின் மேல் மணற்தாளை ஒட்டி, வளையத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துச் சமப்படுத்தினார்கள். வாயின் வெளி ஓரம் உருட்டப்பட்டது. உள் ஓரம் சரிவாக்கப்பட்டது. உள் ஓரம் உயர்ந்து நின்றால் தோல் அதில் உரசி இரையும். இங்கே அந்தச் சரிவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: பிரம்பு உட்காரும் இடம் அது.

போர்த்தல்

தோல் குளிர்ந்த மழைநீரில் இரண்டு மணி நேரம் ஊறியது. வெந்நீர் எந்தக் கட்டத்திலும் கூடாது; காரணம் மேலே சொன்னதுதான்.

பித்தளைக் குமிழாணி என்று விற்பதில் பல பித்தளைப் பூச்சுப் போட்ட இரும்பு. கடையிலேயே காந்தத்தைக் காட்டிப் பார்த்து, ஒட்டாதவையாக 40 எடுக்கப்பட்டன. வளையத்தின் சுற்றளவு 999 மில்லிமீற்றர். 40 ஆணி என்றால் ஆணிக்கு ஆணி 25. வாயிலிருந்து 12 மில்லிமீற்றர் கீழே ஒன்று, 22 கீழே அடுத்தது என்று மாறி மாறிக் குறிக்கப்பட்டது. ஒரே வரிசையில் அடித்ததால்தான் முன்பு மரம் வெடித்தது. பலா இறுகிய மரம். ஒவ்வோர் இடத்திலும் 1 மில்லிமீற்றர் துளை முன்கூட்டியே போடப்பட்டது. ஆணிக்கும் தோலுக்கும் நடுவே மருதமுனைச் சாரத்தின் (லுங்கியின்) கரைத்துண்டு ஒன்று சுற்றி ஓடியது. ஆணித்தலையின் பாரத்தை அது பகிர்ந்துகொள்ளும்.

கார் சில்லின் நட்டு இறுக்குவது போலத்தான் வரிசை: ஒன்று அடித்தால் அடுத்தது நேர் எதிரே. முதலில் நான்கு, அவற்றின் நடுவே நான்கு, பிறகு மிச்சம். பிளையர் வாயில் துணி சுற்றி இழுத்தார்கள். எவ்வளவு இழுப்பது என்பதில்தான் பெரும்பாலான வேலை கெடுகிறது. ஈரத்தில் பறைபோல இறுக்கிவிட்டால், காயும்போது தோல் இன்னும் சுருங்கி, தன்னைக் கிழிக்கும் அல்லது வளையத்தை முட்டை வடிவமாக்கும். சுருக்கமில்லாமல் தட்டையாக நின்று, நடுவில் பெருவிரலால் அழுத்தினால் 5, 6 மில்லிமீற்றர் தாழ்ந்தால் போதும்.

உலர்த்தலும் முதல் ஒலியும்

இரண்டு தடியின் மேல், இரு பக்கமும் காற்றுப் படும்படி, வீட்டுக்குள் வைக்கப்பட்டது. மின்விசிறி அறையில் ஓடியது. றபானை நோக்கி அல்ல. வெயில் நாளில் ஒன்றரை நாளில் காயும் தோல், மழையில் நான்கு நாள் எடுத்தது.

காய்ந்தபின் ஓரத்தில் எட்டு இடத்தில் தட்டிக் கேட்டார்கள். நடுவில் அடித்தால் வரும் அடி ஒலி வேறு; ஓரத்தில் பேசும் ஒலி அதற்கு ஏறத்தாழ 1.6 மடங்கு உயரம். எட்டு இடத்திலும் அது ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் தணிந்திருந்தது. அங்கே ஐந்து ஆணியை மட்டும் தூக்கி, ஓரத்தை ஈரத்துணியால் இளக்கி, மறுபடி இழுத்து அடித்தார்கள். முழுத்தோலையும் நனைக்கத் தேவையில்லை.

வெயில் வந்த ஒரு பகலில் கைப்பேசிச் செயலியில் அடி ஒலி 146 ஹேர்ட்ஸ். அடுத்த மழை இரவில் 124. சுருதி இழுவையின் வர்க்கமூலத்தோடுதான் போகும். ஆகவே 146இலிருந்து 124க்கு இறங்கியதென்றால் இழுவையில் 28 சதவீதம் போயிருக்கிறது. உப்பில்லாத தோலுக்கும் ஈரம் உண்டு. ஆனால் அது 124இல் நின்றது, விடியும்வரை.

பிரம்பு

நாற்காலி பின்னுகிறவரிடம் 5 மில்லிமீற்றர் பிரம்பு. உட்சுற்று 911 மில்லிமீற்றர். 915 ஆக வெட்டி, முனைகளைச் சரிவாகச் சீவாமல் நேராக வெட்டினார்கள், ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும் என்பதற்காக. அரை மணி ஊறவைத்து வளைத்து, கவிழ்த்த றபானின் உள்ளிருந்து தோலுக்கும் சரிவுக்கும் இடையே மரத் துண்டால் தட்டித் தட்டி ஏற்றினார்கள். ஒரே இடத்தில் முழுதும் தள்ளாமல் சுற்றிவர மூன்று சுற்றில். 124 ஹேர்ட்ஸ் 152 ஆயிற்று. இழுவை அரைவாசி கூடியிருக்கிறது, நெருப்பில்லாமல்.

ஒலி முன்னையதைவிடச் சற்றுக் குறுகியது, கார்வை குறைவு. ஓரத்து ‘நங்’ கூர்மையாயிற்று. தனியே கேட்டால் இது குறைதான். ஐந்து றபானும் பாட்டும் சேர்ந்தபோது முன்றபான் தெளிவாக மேலே கேட்டது. கலீபா அடித்துப் பார்த்துவிட்டு, “நீளம் இல்ல, ஆனா வெட்டு இருக்கு” என்றார்.

கொடியேற்ற நாட்களில்

முதல் இரண்டு இரவும் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் இரவு, பழக்க தோஷத்தில் ஓர் இளைஞர் பிரம்பு ஏற்றிய றபானை அனலிலும் காட்டினார். இரண்டு இழுவையும் சேர்ந்து, வெடிப்புக்குப் பக்கத்திலிருந்த ஓர் ஆணி 3 மில்லிமீற்றர் எழும்பியது. தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரம்பைக் கழற்றி, அந்த ஆணியை எடுத்து, பழைய துளைக்கு 8 மில்லிமீற்றர் தள்ளி அடித்தார்கள். பிரம்பு இருந்தால் அனல் இல்லை என்று அன்று முடிவானது.

எட்டாம் இரவு பிரம்பின் முட்டு நழுவியது. காய்ந்து நீளம் சற்றுக் குறைந்ததே காரணம். இரு முனைக்கும் நடுவே ஒரு சிறு பிரம்புத் துண்டு செருகியதும் நின்றது. ஒவ்வோர் இரவும் அடித்து முடிந்ததும் பிரம்பைக் கழற்றி, றபானைத் துணிப்பையில் போட்டுத் தூக்கி வைத்தார்கள். 12 நாளும் அதே தோல்.

கச்சானில்

மே மாதத்துக்குப் பிறகு கச்சான் காய்ச்சலில் அதே றபான், பிரம்பில்லாமல், 171 ஹேர்ட்ஸ் வரை ஏறியது. இது மாரியைவிட ஆபத்து. வெயில் நாளின் 146ஐ விட இழுவை 37 சதவீதம் கூட. பசை வைத்த வெடிப்பு மறுபடி ஒரு நூல் அளவு தெரிந்தது. அடிப்பதற்குக் கால் மணி முன் பிழிந்த ஈரத்துணியால் தோலின் உட்புறத்தை ஒருமுறை துடைக்கச் சொல்லப்பட்டது. மேற்புறத்தைத் துடைத்தால் கை படும் இடம் மென்மையாகி மயிர்ப்பக்கம் உரியும்.

மாற்ற வேண்டியவை

வெடித்த வளையத்துக்குப் பசை மட்டும் போதாது. வெளிப்புறத்தில், ஆணி வரிசைக்குக் கீழே, பருத்தித் துணிப் பட்டையைப் பசையில் தோய்த்து இரண்டு சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். நேரம் இருந்தால் அடுத்த முறை இதுதான் முதல் வேலை.

ஈரத்தில் இழுத்த அளவை இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். பிரம்பு கைவசம் இருக்கும்போது தோலை மாரிக்கென்று இறுக்கத் தேவையில்லை; கச்சானுக்கு ஏற்றதாகப் போர்த்திவிட்டு, மாரியில் பிரம்பால் ஏற்றுவதே சரி. பிரம்பு 4, 5, 6 மில்லிமீற்றர் என்று மூன்று வைத்திருந்தால் இரவின் ஈரத்துக்கேற்ப மாற்றலாம்.

மாரியில் தோல் பதப்படுத்துவது வீண் சிரமம். ஹஜ்ஜுப் பெருநாள் இப்போது மே, ஜூனில் வருகிறது. தோலும் நிறைய, வெயிலும் நிறைய. அன்றே உப்பில்லாமல் சுண்ணாம்பில் போட்டுக் காயவைத்த தோலை மடிக்காமல் சுருட்டி, காய்ந்த வேப்பிலை வைத்து, எலி எட்டாத கூரை வளையில் தொங்கவிட்டால் மாரிக்கு எடுக்கலாம். உப்புத் தோல்தான் கிடைத்தது என்றால் தட்டுச் சோதனையில் பொருக்கு வராதவரை அலச வேண்டும். அதற்கு இரண்டு நாள் போகும், போகட்டும்.

குழுவின் மற்ற நான்கு றபான்களின் தோல் ஓரங்களிலும் ஆணிக்குக் கீழே மிஞ்சிய துண்டை வெட்டிச் சோதித்தார்கள். இரண்டில் உப்பு வந்தது. ஒன்றுக்குக் கச்சானிலேயே தோல் மாற்றியாயிற்று. மற்றதைக் கலீபா இன்னும் கையில் கொடுக்கவில்லை. அதன் ஒலி அவருக்குப் பிடிக்கும்.